இட்டேரியில் போட்ட போர்

எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை பேசினால் அம்மா வாய் மேலேயே ஒன்று வைப்பாள், அத்தோடு முடிந்துவிடும். ஆனால் 'இட்டேரி' என்று யாராவது சொன்னால் அப்பா சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் இருக்கிற கெட்ட வார்த்தைகளிலேயே பெரியது இட்டேரிதான் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மல்லசமுத்திரம், வெண்ணந்தூர் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, வெள்ளாமை செய்கிற நிலம். இரண்டு பேர் காட்டுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து, மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு விட்டிருக்கும் பொதுத் தடத்துக்குப் பேர் இட்டேரி. தனியாக யாருக்கும் சொந்தமில்லை என்பதால் ஆளாளுக்குத் தின்றார்கள். வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதால் போதும். வேலி தானாக நகரும். வண்டித்தடம் ஒற்றையடித் தடமாகும். பிறகு அதிலும் சோளம் முளைக்கும். எங்கள் தாத்தா இந்த வேலையில் கெட்டிக்காரர்.

எங்கள் காட்டுக்குப் பின்னால் பதினாலு வீடுகள். எல்லாம் தறி ஓட்டுகிற குடும்பங்கள். அவர்கள் நெய்கிற சேலை இளம்பிள்ளைக்குப் போகும். எங்கள் காட்டுக்குள் நடந்தால் தார் ரோடு ஐந்து நிமிஷம். நடக்க விடமாட்டோம். ஓடைக்குள் இறங்கி ஏறி, சுற்றிக்கொண்டுதான் அவர்கள் வரவேண்டும். அங்கிருந்துதான் செல்வி வருவாள். ஆறாம் வகுப்பில் என் பெஞ்சு.

அப்பாவை அவள் அய்யன் என்பாள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"உங்க தாத்தன் எங்க இட்டேரியத் தின்னுட்டாராமா. எங்கய்யன் சொல்லுச்சு."

"மண்ண யாராச்சும் திம்பாங்களா? லூசு."

"தின்னுட்டாரு போ. எங்கக்கா மாசமா இருக்கறா. வலி வந்தா ஆம்புலன்சு ரோட்டோட நின்னுக்கும். கட்டல்ல வெச்சுத்தான் தூக்கோணும். தடம் வேணும்னு எங்கய்யன் தாலுக்காபீசுல மனு போட்டிருக்குது. தடம் இருந்துச்சுன்னு பழைய படம் எதாச்சும் இருந்தாக் கொண்டாங்கன்னு சொல்லியிருக்கறாங்க. அதுக்குத்தான் அலையுது."

அன்று அவளோடு பேச்சு விட்டேன். மறுநாள் அவள் ஊறுகாய் கொண்டுவந்தாள், சேர்ந்துகொண்டேன்.

அந்த வாரமே பழைய படம் வந்தது. அவர்கள் வீட்டுக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு.

கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில், பூமியைத் துளைத்துத் தண்ணிக்குப் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை. வடக்கே எங்கெங்கோ போய் போர் போட்டுவிட்டு வருவார். அங்கே ஒரு இன்ஜினியர் வெள்ளைக்காரன் காலத்து சர்வே படத்தை விரித்து வைத்துப் பழைய ஓடை, பழைய கிணறு பார்த்துத்தான் இடம் குறிப்பாராம். எங்கள் கிணறு வற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாமா சேலத்தில் யாரையோ பிடித்து எங்கள் ஊர் இருக்கிற படத்தை வாங்கி, எங்கள் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். அசலில் ஓடைக்கு ஒரு நிறம், ரோட்டுக்கு ஒரு நிறமாம். ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பு.

கட்டில் மேல் விரித்து நான்கு மூலைக்கும் செம்பு, டம்ளர் என்று வைத்தோம். கோயில் இருந்தது, ஓடை இருந்தது. எங்கள் காட்டுக்கு நடுவே இரண்டு புள்ளிக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அவற்றின் ஓரத்தில் பொடி இங்கிலீஷ் எழுத்து. மாமா கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஐ, டி, டி, இ, ஆர், ஐ.

"மச்சான், பாத்தீங்களா! இட் ஏரி! இட்டுன்னா இங்கிலீசுல இது. இது ஏரின்னு எழுதியிருக்கறான் வெள்ளக்காரன். ஏரி மேல உக்காந்துக்கிட்டுத் தண்ணி இல்லைன்னு அழுதுட்டு இருக்கறீங்க!"

நான் அதை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். வாய் திறந்தும் விட்டேன். தட்டு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

அப்பா வெகுநேரம் படத்தைப் பார்த்தார். அந்தப் புள்ளிக் கோட்டின் மேல் விரலை வைத்து, தார் ரோட்டிலிருந்து எங்கள் காடு வழியாகக் கடைசிவரை கொண்டுபோனார். அங்கே சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள் இருந்தன, வீடுகள். விரல் அங்கே நின்றது.

"ஏரின்னா ஏரிதான். அங்கயே போட்டறலாம்," என்றார்.

"தேங்கா வெச்சுத் தண்ணி பாத்தவரு கெழக்கு மூலைன்னுதான சொன்னாரு? அதுலதான் ஒத்தக் கால்ல நின்னீங்க?" என்றாள் அம்மா.

"அவன் தேங்காயத் தின்னுட்டுப் போயிட்டான். இது கவர்மெண்டுப் படம்," என்று அப்பா படத்தைச் சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வண்டி வர நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் எனக்கு இதே யோசனைதான். அது ஏரி இல்லை, இட்டேரி. சொன்னால் அப்பா எழுந்து போவார். சொல்லாவிட்டால் பொட்டல் தடத்தில் போரைப் போட்டு ஏமாந்து நிற்பார். பள்ளிக்கூடத்தில் செல்வி பக்கத்தில் உட்கார்ந்தால் புத்தகத்திலேயே கண்ணை வைத்துக்கொள்வேன். அவள் அய்யன் தேடி அலைகிற படம் எங்கள் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது என்றாள். கணக்கு நோட்டைக் கொடு என்று பேச்சை மாற்றினேன். அவள் அக்காவை நான் நினைக்கவே இல்லை என்றால் பொய். நினைத்தேன். நினைத்துவிட்டு எங்கள் அப்பாவுக்காகத்தான் பயந்தேன்.

சனிக்கிழமை காலை ரிக் லாரி வந்தது, பின்னாலேயே கம்ப்ரசர் லாரி. கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். காட்டுக்குப் பின்னாலிருக்கும் வீடுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வேலி ஓரம் வந்து நின்றார்கள். செல்வியின் அய்யனும் இருந்தார். தண்ணி வருவதைப் பார்க்க எவ்வளவு ஆசையாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இங்கயேதான் போடோணுங்களா?" என்று செல்வியின் அய்யன் கேட்டார். சத்தமில்லாமல், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

"தண்ணி இருக்கற எடத்துலதானுங்க போட முடியும்," என்றார் அப்பா.

ராடு இறங்கத் தொடங்கியது. காது அடைத்தது. வெள்ளைப் பொடி கிளம்பி எல்லார் தலையிலும் படிந்தது. இன்னும் தாமதித்தால் தப்பு முழுசாகிவிடும் என்று எனக்கு அழுகை வந்தது. ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்தார். காதில் வாயை வைத்துக் கத்தினேன்:

"அப்பா, அது ஏரி இல்லீங்க! மாமா தப்பாப் படிச்சுட்டாரு! அது இட்டேரிங்க!"

தட்டு அங்கே இல்லை. நகர்த்துவதற்கு எதுவும் இல்லை. அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா அம்மிணி?"

"இல்லீங்கப்பா."

"செல்வி புள்ளகிட்ட?"

"இல்லீங்க."

"நல்ல புள்ள."

லாரிக்காரர்களுக்கு வாங்கி வைத்திருந்த கலர் சோடாவில் ஒரு பாட்டிலை உடைத்து எனக்குக் கொடுத்தார். மாமாவின் மானத்தைக் காப்பாற்றுகிறார், மச்சினனை நாலு பேருக்கு முன்னால் முட்டாளாக்க மனசில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எவ்வளவு நல்ல அப்பா! கலர் இனித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

எண்ணூறு அடி போனார்கள். ஈரம்கூட இல்லை. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா அழவில்லை. திங்கட்கிழமை டிராக்டரில் செங்கல் வந்தது. தண்ணி வராத குழி மேல் மோட்டார் ரூம் எழுந்தது. ரூமுக்கு இரண்டு பக்கமும், படத்தில் புள்ளிக் கோடு போன இடத்துக்குக் குறுக்கே, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி இழுத்தார்கள். பாவம் அப்பா, என்றைக்காவது தண்ணி வரும் என்று நம்புகிறாரே என்று நினைத்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, குடத்தில் தண்ணி கொண்டுபோய் அந்தச் சுவருக்கு ஊற்றினேன். யாரும் ஊற்றச் சொல்லவில்லை.

சுவர் காய்வதற்குள் செல்வியின் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. கட்டிலில் வைத்து ஓடை வழியாகத் தூக்கிப் போனார்கள். அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அவர்களுக்கும் நமக்கும் ஒரே சமயத்தில் கெட்ட நேரம் என்று அம்மா சொன்னாள்.

நாலு நாள் கழித்து செல்வி பள்ளிக்கூடம் வந்தாள். வந்தவள் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் என் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன்.

"அழுவாத செல்வி. எங்களுக்கும்தான் போர் பொய்யாப் போச்சு," என்றேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவ்வளவு அன்பாகச் சொல்லியும் இவள் எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன்.