சிலுவைக்குப் பெருத்துப்போன கண்டக்டர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் இருதயநாதனை, தை பிறந்த பிறகு பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போவார்கள். தோள் வரைக்கும் முடி, நெஞ்சு வரைக்கும் தாடி, வாயில் விசில். விக்கிரவாண்டியில் ஏறும் பூக்காரம்மா, "சாமி, ஒரு திண்டிவனம் குடு சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டு டிக்கெட் வாங்கும். கூட்ட நேரத்தில் படியில் தொங்கும் காலேஜ் பையன்கள்கூட இவர் முறைத்தால் உள்ளே போய்விடுவார்கள். அவர் சாமியார் இல்லை. முகையூர் பக்கத்தில் அவர் ஊர். அங்கே வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு சாயங்காலம் இயேசுநாதர் பாடுபட்ட கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். அதில் இயேசு வேஷம் இருதயநாதனுக்கு, மீசை முளைத்த நாளிலிருந்து.

மாதா வேஷம் அமல்ராணிக்கு. ஒத்திகையில் பார்த்துப் பழகி, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டார். ஆக, மேடையில் அம்மாவும் பிள்ளையும், வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும். ஊர் இதை வைத்து அடிக்காத கிண்டல் இல்லை. இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

கல்யாணமான புதிதில் இருதயநாதன் சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம். சிலுவையில் அவர் தலை சாய்க்கும்போது முன்வரிசைப் பெண்கள் ஓவென்று அழுவார்கள். கண்டக்டர் வேலை அவருக்குச் சோறு போட்டது, அவ்வளவுதான். இந்த வேஷம்தான் அவரைத் தலை நிமிர்ந்து நடக்க வைத்தது. பஸ்ஸில் யாராவது "நீங்கதானே அந்த..." என்று ஆரம்பித்தால் போதும், அன்றைக்கு முழுக்க விசில் தனி ராகத்தில் ஊதும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கோகுலகிருஷ்ணன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி போட்டான். கண்டாச்சிபுரத்துப் பையன், தங்கமான பிள்ளை. சாயங்காலம் பஸ் அங்கே நின்றுவிட்டுத்தான் திரும்பும். அடுப்பு புஸ்ஸென்று எரிய, சட்டியில் கரண்டி டங்கு டங்கென்று தட்ட, பூண்டும் மிளகாய்த் தூளும் சேர்ந்து ஒரு வாசனை பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஏறி, டிக்கெட் வாங்காமலேயே கண்டக்டர் சீட் வரைக்கும் வந்துவிடும். முதலில் ஒரு ஆஃப் சிக்கன் ரைஸ். அப்புறம் ஃபுல். அப்புறம் கூடவே ஒரு சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ். அதை முக்கி எடுக்க மயோனைஸ். அமல்ராணி கட்டிக்கொடுக்கும் கேப்பைக் களியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னியும் டிரைவர் ராஜாமணிக்குப் போய்விடும். ராஜாமணி வாய் திறக்காமல் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவியும் கொடுத்துவிடுவார். நல்ல மனுஷர்.

விலா எலும்பு மறைந்தது. அப்புறம் இடுப்பு மறைந்தது. காக்கிச் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. ஆனால் இருதயநாதன் கண்ணுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. அவரைப் பொறுத்தவரை சட்டைதான் துவைத்துத் துவைத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது.

போன வருஷப் பாஸ்காவில் வெட்டவெளிச்சமாகிவிட்டது. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை மாதா மடியில் கிடத்துகிற காட்சி. சேவகர்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்து கிடத்தினார்கள். அமல்ராணி, "என் மகனே..." என்று வாயைத் திறந்தவள், "ஐயோ, காலு!" என்று அலறிவிட்டாள். மைக் பக்கத்தில் இருந்தது. ஊரே சிரித்தது. அழ வேண்டிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். செத்துக் கிடந்த இயேசுவுக்குக் காது மட்டும் கேட்டது. கண்ணைத் திறக்கவும் முடியாமல், எழுந்து ஓடவும் முடியாமல் அவர் அங்கே பட்ட பாடு சிலுவையில்கூடப் பட்டதில்லை.

நாடகத்தை நடத்துகிற ஜெனித், ஊரில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவன், கறாரான ஆள். "அண்ணே, மூஞ்சிக்கு நேரா சொல்றேன், கோச்சிக்காத. அடுத்த வருசம் தவக்காலத்துக்குள்ள ஒடம்ப எறக்கு. இல்லன்னா வேசம் வேற ஆளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டான்.

அந்த வருஷம் முழுக்க அவர் உடம்பை இறக்கினாரா என்றால், இறக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னார். தைப் பொங்கல் கழிந்ததும் டிரைவர், கண்டக்டர்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. ராஜாமணிக்கு எல்லாமே நார்மல். "இந்த வயசுல இவ்ளோ நல்லா இருக்கீங்களே, என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டரம்மா வியந்து கேட்க, ராஜாமணி இருதயநாதனைப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு, "கேப்பக் களிங்க" என்றார். இருதயநாதன் முறை வந்தது. சர்க்கரை கோட்டுக்கு வந்து நின்றது, பிரஷர் கோட்டைத் தாண்டியது, ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு.

"இப்பவே வாயைக் கட்டினா சரியாயிடும். விட்டுட்டீங்கன்னா ஈரல் கெட்டுப்போயிடும்" என்றார் டாக்டரம்மா.

"நான் இன்னாங்க பண்றது? பஸ்ஸு டைமிங் அப்படி. வண்டிய கொண்டாந்து அவன் கட எதுருலயே நிறுத்தறாங்க. அந்தப் பையன் வேற அதுல ஏதோ மருந்து கலக்கறான்."

"யார் சாப்பிடறது?"

இருதயநாதன் கூரையைப் பார்த்தார்.

இந்தக் கதையைப் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்தவன் அறிவுச்செல்வன். விழுப்புரம் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல், தினமும் திண்டிவனத்துக்குத் திரும்புகிறவன். கேஸ் கிடைக்காமல் காய்ந்து போயிருந்தான். "அண்ணே, இது பக்கா கேஸு! வெளிநாட்டுல பெரிய பெரிய கம்பெனி மேலயே போட்டிருக்காங்க. துன்னு குண்டாயிட்டேன், நஷ்டஈடு குடுன்னு."

"ஜெயிச்சாங்களா?"

"அது இன்னாத்துக்கு இப்ப? போட்டாங்களா இல்லியா?"

இருதயநாதனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. தப்பு எங்கேயோ வெளியில் இருக்கிறது, அதற்கு ஒரு சட்டமும் இருக்கிறது! பஸ் நின்றதும் இரண்டு பேரும் நேராகக் கோகுல் வண்டிக்குப் போனார்கள்.

"கோகுலு, உன்னால என் லிவரு போச்சு. உன் மேல கேஸு போடப் போறேன்" என்றார் இருதயநாதன்.

கோகுல் கரண்டியை நிறுத்தவில்லை. "போடுண்ணே. ரைஸ்ல முட்ட ஒண்ணா ரெண்டா?"

அறிவுச்செல்வன் கோட்டு போடாத குறையாக முன்னால் வந்தான். "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இவர வா வான்னு கூப்பிட்டு வியாபாரம் பண்ணியா?"

"நான் எங்க சார் கூப்பிட்டேன்? பஸ்ஸு நிக்கறதுக்குள்ள படியில தொங்கிக்கினே 'ஒண்ணு போடு கோகுலு'ன்னு கத்திக்கினு வர்றது அவரு."

"வயித்துக்கு மேல திணிச்சியா?"

"போதும்ணே, ஒடம்புக்கு ஆவாதுன்னு நானே சொன்னேன் சார். போடறியா, பக்கத்து வண்டிக்கு போவட்டான்னு கேட்டாரு. நானும் பொழைக்கணும்ல?"

"இவருக்குத் தெரியாம மருந்து ஏதாவது?"

"எல்லாம் அவரு கண்ணு எதுருலதான் போடறேன். கலரு பத்தல, இன்னும் கொஞ்சம் தூவுன்னு சொல்றதும் அவருதான்."

வக்கீல் தலையைச் சொறிந்தான். "அண்ணே, எதிர்த் தரப்பு ஸ்ட்ராங்கா இருக்கு" என்று காதில் சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு சிக்கன் ரைஸ், முட்ட தூக்கலா" என்றான். வழக்கு அந்த இடத்திலேயே தள்ளுபடி ஆனபோது வாதி கையிலும் ஒரு தட்டு இருந்தது. வீட்டுக்கு வந்து, "வக்கீலும் அவன் பக்கம் சாஞ்சிட்டான்" என்று அமல்ராணியிடம் வருத்தப்பட்டார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வந்த இருதயநாதன், ஜெனித்தும் அமல்ராணியும் கேட்கும்படி, தவக்காலம் முடிகிற வரைக்கும் சிக்கன் ரைஸைக் கையால் தொடுவதில்லை என்று சபதம் போட்டார். ஜெனித் கையோடு அவரை மண்டித் தராசுக்குக் கூட்டிப்போய் மல்லாட்டை மூட்டையோடு மூட்டையாக நிறுத்தான். குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் மறுபடியும் நிறுப்பதாகப் பேச்சு.

சபதத்தை அவர் ஒரு நாளும் மீறவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். தவக்காலத்தில் விலக்க வேண்டியது கறியைத்தானே? கோபி மஞ்சூரியன் கறியா? காலிஃபிளவர் பூ. காளான் நூடுல்ஸ் கறியா? மண்ணில் முளைப்பது. பன்னீர் ரைஸ் பாலில் சேர்த்தி. எண்ணெயைப் பற்றித் திருச்சபை வாயே திறக்கவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆண்டவருடைய நாள், அது தவக்காலக் கணக்கிலேயே வராது என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வகுப்பில் அவருக்கு ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான். ஆகவே வாரம் முழுக்கக் கோபி, ஞாயிற்றுக்கிழமை கோழி. ஜெபமும் தவறவில்லை.

மறுபடி தராசில் ஏறினார். ஜெனித் முள்ளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தராசு கெட்டுப்போச்சோ என்று ஒரு மூட்டையை வைத்துப் பார்த்தான். தராசு நன்றாகத்தான் இருந்தது. "நோம்பு இருந்து வெய்ட்டு போட்ட மொத ஆளு நீதாண்ணே" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் முடிவு முடிவுதான். இயேசு வேஷம் காலேஜில் படிக்கும் சகாயராஜுக்கு. ஒல்லிக்குச்சிப் பையன். "நீ பிலாத்து ராஜா கட்டுண்ணே. அங்கி தொளதொளன்னு இருக்கும், வயிறு தெரியாது."

இருதயநாதன் அன்றைக்குத் தாடியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அந்தத் தராசுக்காரன் பேஜாரு புடிச்சவன். கோகுலுதான் என்னக் கெடுத்தது. ராஜாமணியாவது சொல்லி இருக்கலாம். நீயாவது களிய கொஞ்சம் ருசியா பண்ணி இருக்கலாம்" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டே போனார். சுவர் பொறுமையாகக் கேட்டது. அமல்ராணிக்கு அவ்வளவு பொறுமை இல்லை, எழுந்து போய்விட்டாள்.

ஆனால் ஒத்திகையில் ஓர் அதிசயம். இயேசுவுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, பிலாத்து எல்லோர் முன்னாலும் கையைக் கழுவிக்கொண்டு, "இந்தப் பாவத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை!" என்று சொல்ல வேண்டும். இருதயநாதன் அதைச் சொன்ன அழகில் ஜெனித்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. "எப்படிண்ணே இவ்ளோ இயல்பா வருது?"

"வீட்டுல டெய்லி சொல்ற வசனந்தான்" என்றாள் அமல்ராணி.

குருத்து ஞாயிறும் வந்தது. பிலாத்துக்கு ஒரே ஒரு காட்சிதான் என்பதால் இருதயநாதன் அன்றைக்கும் பஸ்ஸில் ஒரு நடை போய்விட்டுத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோகுல் மதியமே அடுப்புப் பற்றவைத்துவிடுவான். வரும்போது கையில் ஒரு பார்சல். கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட அறையில் வேஷம் கட்டிக்கொண்டு, கிரீடமும் சிவப்பு அங்கியுமாக மூலையில் உட்கார்ந்து பிரித்தார். சிக்கன் ரைஸ், அதன் மேல் பளபளவென்று செக்கச் சிவந்த சிக்ஸ்டி ஃபைவ். ஸ்பூன் வைக்கக் கோகுல் மறந்திருந்தான். கையாலேயே பிசைந்து அடித்தார். பாதியில், "பிலாத்து! பிலாத்து எங்கய்யா? ஜல்தி வா!" என்று ஜெனித் கத்த, கையைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

திடல் நிறைய ஜனம். எதிரே கை கட்டப்பட்டு, விலா எலும்பு தெரிய, தலை குனிந்து நின்றான் சகாயராஜ். முன்வரிசையில் அதற்குள்ளேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். அது தன்னுடைய இடம் என்று இருதயநாதன் அவனையே பார்த்தார். சேவகன் வெள்ளைப் பேசினை நீட்டினான், செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். பிலாத்து கையைத் தேய்த்துக் கழுவினார்.

பேசின் தண்ணீர் சிவந்தது.

முன்வரிசையில் ஒரு அம்மா, "ஐயோ, ரத்தம்!" என்று எழுந்துவிட்டாள். திரைக்குப் பக்கத்தில் நின்ற ஜெனித், நம்மிடம் சொல்லாமல் அண்ணன் ஏதோ குங்கும வித்தை காட்டுகிறாரே என்று வாயைப் பிளந்தான். மாதா வேஷத்தில் ஓரமாக நின்ற அமல்ராணிக்கு மட்டும் காற்றில் பூண்டு வாசனை வந்தது.

"இந்தப் பாவத்துக்கும்..." என்று ஆரம்பித்தார் இருதயநாதன். குரல் மைக்கில் கணீரென்று போனது. "இந்தப் பாவத்துக்கும் எனக்கும்..."

கையைப் பார்த்தார். இன்னும் தேய்த்தார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. பக்கத்தில் கோகுல் இல்லை, ராஜாமணி இல்லை, பஸ் டைமிங்கும் இல்லை. மேடையில் இருந்தது அவரும் அவருடைய இரண்டு கைகளும்தான்.

"சம்பந்தமே இல்ல!" என்று ஜெனித் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தான். "சொல்லுண்ணே! சம்பந்தமே இல்ல!"

"இருக்கு" என்றார் பிலாத்து.

சேவகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். 'சிலுவையில் அறையும்' என்று கத்த வேண்டியவர்கள் கத்த மறந்தார்கள். சகாயராஜ் தலையை நிமிர்த்தி, "அண்ணே, அப்ப என்னை விட்டுடறீங்களா?" என்று கிசுகிசுத்தான். ஜனங்கள் ஒரு கணம் கழித்து திடலே அதிரக் கை தட்டினார்கள். பிலாத்து மனம் வருந்துகிற மாதிரி இதுவரை யாருமே நடித்ததில்லையாம். மாதா முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கி அழுகிறாள் என்று பார்த்து அவர்களும் அழுதார்கள். அமல்ராணி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எந்த இடத்தில் நிஜ அழுகையாக மாறியதென்று அவளுக்கே தெரியாது.

உள்ளே வந்ததும் ஜெனித் பிடித்துக்கொண்டான். "வசனத்த ஏண்ணே மாத்துன? ரெண்டாயிரம் வருசமா யாரும் மாத்தாதத நீ மாத்திப்புட்டியே!"

"மத்தவங்க மேல சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிப்போச்சி ஜெனித்து. கை காட்டிக் குடுத்துடுச்சி" என்றார் இருதயநாதன்.

மூலையில் பார்சல் பாதி திறந்தபடி கிடந்தது. அவர் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அங்கியைக் கழற்றினார். பெரிய வயிறு வெளியே வந்தது. அடுத்த காட்சிக்காக முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்த அமல்ராணி வழக்கம்போலச் சட்டையை நீட்டினாள்.

"இந்தச் சட்ட சுருங்கல அமலு" என்றார் அவர். "நான்தான் பெருத்துட்டேன்."