கடைசிப் பெண் இறங்கும் வரை

வேனை ஒரு முழுச் சுற்று சுற்றி வராமல் அகோஃபா ஏறமாட்டாள். அன்லோகா வண்டி நிலையத்தில் அப்போதுதான் விடிந்திருக்கும். மூட்டைகள் ஏறியாயிற்று, ஆட்கள் ஏறியாயிற்று, டிரைவர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். அவள் அதையெல்லாம் சட்டை செய்யாமல் குனிந்து நான்கு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பின்கதவை இழுத்து ஆட்டுவாள். நம்பர் பலகையை வாய்விட்டு ஒரு தடவை, வாய்க்குள் ஒரு தடவை படித்துக்கொள்வாள். பிறகு டிரைவரின் ஜன்னலுக்கு வருவாள்.

"பேரென்ன தம்பி?"

"செலோர்ம்."

"வாயத் தொறந்து சொல்லு. பொண்ணு பாக்க வந்தவனாட்டம் முனகாத."

அவன் வாயைத் திறந்து சொல்வான். அவள் மூக்கு அவன் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். சாராய வாடை இல்லையென்றால் அடுத்த கேள்வி.

"உங்கம்மா பேரு?"

"அது எதுக்கும்மா உங்களுக்கு?"

"ஏன், தெரியாதா? தவிட்டுக்கு வாங்கினாங்களா உன்ன?"

வேன் முழுக்கச் சிரிப்பு எழும். செலோர்ம் அம்மா பேரைச் சொல்லிவிடுவான். அதற்குப் பிறகுதான் அகோஃபா கதவருகே உள்ள தன் இடத்தில் ஏறி உட்கார்வாள். "அம்மா பேரச் சொன்னவன் பத்து மைலாவது ஒழுங்கா ஓட்டுவான்" என்பது அவளுடைய கணக்கு. நிலையத்து டிரைவர்கள் அவளுக்கு வைத்த பேர் இன்ஸ்பெக்டர். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். இப்போது முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறார்கள்.

அவளுக்கு வயது அறுபத்து மூன்று. தொழில் சின்ன வெங்காயம். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கும் மணல் பாத்திகளில் விளைவதை வாங்கி, ஒவ்வொரு புதன்கிழமையும் தலைநகரமான அக்ராவுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு அன்றே திரும்புகிறாள். முப்பத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் வெங்காய வாசனை கொஞ்ச நேரம் இருக்கும். உடுத்துவது பூப்போட்ட நல்ல துணிதான். காலில் மட்டும் ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. கேட்டால், "ஓட வேண்டியிருந்தா ஓடணும்ல?" என்பாள். தலையில் கட்டிய துணியின் மடிப்புக்குள் சாக்குத் தைக்கிற கோணி ஊசி ஒன்று செருகியிருக்கும். மூட்டை தைக்கத்தான். ஆனால் மூட்டை தைப்பது மட்டும்தான் அதன் வேலை என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை.

தனியாக வரும் பெண்ணைக் கடைசி வரிசை மூலையில் உட்கார விடமாட்டாள். "இங்க வாடி, எனக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கத் தெரியாது" என்று பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வாள். போன மாதம் ஓர் ஆள் காலை அகட்டி, அருகிலிருந்த பெண்ணை ஜன்னலோடு ஜன்னலாக நெருக்கிக்கொண்டு வந்தான். அகோஃபா வண்டிக்கே கேட்கும்படி அனுதாபமாக விசாரித்தாள்: "ஏன் தம்பி, தொடையில கட்டியா? பழுத்திருச்சா? எங்க ஊர்ல நல்ல மருந்து இருக்கு." அவன் அக்ரா வரும்வரை கால்களைக் கல்யாணப் பெண் போல ஒட்டி வைத்திருந்தான்.

டிரைவர்கள் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் கிடையாது. "நூறு டிரைவர்ல தொண்ணூத்தஞ்சு பேரு தங்கம். மீதி அஞ்சு யாருன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

வண்டி கிளம்பி, கழி ஓரத்து நாணல்கள் பின்னால் ஓடத் தொடங்கியதும் அவள் பேச்சு பழைய புதன்கிழமைகளுக்குப் போய்விடும். அப்போதெல்லாம் பலகை அடித்த லாரிதான். ஏழு பெண்கள், எல்லோரும் வெங்காயக்காரிகள். மூட்டைகளின் மேல் வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். தூக்கம் வந்தால் ஒருத்தியின் துணி நுனியை அடுத்தவளின் துணி நுனியோடு முடிந்துகொண்டு தூங்குவார்கள். எவளை எவன் இழுத்தாலும் ஏழு பேரும் விழித்துக்கொள்ள வேண்டும். அந்த ஏழு பேரில் தலைவி என்று ஒருத்தியைச் சொல்வதானால் அது மான்சா. குட்டையான, பருத்த பெண். கோவில் மணி போன்ற குரல். ஒப்பாரிக்கு அவளைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து அழைத்துப் போவார்கள். "அவ அழுதா செத்தவனுக்கே தொண்ட அடைக்கும்" என்பாள் அகோஃபா.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், இப்படி ஒரு புதன்கிழமை மாலை, ஏழு பேரும் அக்ராவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் போய் வேன்கள் வந்துவிட்டிருந்த காலம். வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். புதிதாக ஒருவன் ஓட்டினான். அவன் பக்கத்தில் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். பின் வரிசையில் ஒரு சின்னப் பெண், பேர் யைரா. கேட்டா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக முதல் வேலைக்குச் சேரப் போகிறவள். காலடியில் புது டிரங்குப் பெட்டி. மடியில் செய்தித்தாளில் சுற்றிய வெள்ளைச் செருப்பு. வழியெல்லாம் அந்தச் செருப்பைப் பிரித்துப் பார்ப்பதும் சுற்றி வைப்பதுமாக வந்தாள்.

அன்லோகாவில் ஏழு பேரும் இறங்கினார்கள். அகோஃபாவின் கணவன் டோட்சே நான்கு வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்திருந்தான். மகள் அம்மாவைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். வேனில் மிச்சம் இருந்தது யைரா ஒருத்திதான். கேட்டாவுக்கு இன்னும் அரைமணிப் பயணம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

முன்னால் இருந்த கூட்டாளிகளில் ஒருவன் இறங்கிப் பின்னால் போய் யைராவின் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டியே காலியாகக் கிடக்க, அவள் பக்கத்தில். யைரா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, கேட்டா இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். தூரத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்ட குரல் இல்லை அது.

அகோஃபா மகளைக் காலிலிருந்து பிரித்து டோட்சேயின் கையில் கொடுத்தாள்.

"நான் கேட்டா வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்."

"கேட்டாவுல என்ன?"

"தெரியல."

அவள் ஏறினாள். மான்சா கையிலிருந்த கூடையைத் தரையில் வைத்துவிட்டு, மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "ஏறுங்கடி" என்றாள். ஏழு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். யைராவின் பக்கத்தில் இருந்தவனை மான்சாவின் இடுப்பே நகர்த்திவிட்டது.

டிரைவர் திரும்பிப் பார்த்தான். "உங்க ஊருதான் வந்தாச்சே. இறங்குங்க."

"கேட்டாவுல என் மாமியா செத்துட்டா" என்றாள் மான்சா.

"இவ்வளவு நேரம் சொல்லவே இல்ல?"

"இப்பதான் செத்தா."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். மகளின் அழுகை கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பாதி வழியில் தார் ரோட்டை விட்டு ஒரு மணல் பாதையில் திருப்பி, தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். இன்ஜின் சூடாகிவிட்டதாம். எல்லோரும் இறங்க வேண்டுமாம். நர்ஸம்மாவை மட்டும் ஒருவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவானாம். அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் எதுவும் இல்லை.

இறங்கினார்கள். யைராவை நடுவில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார வைத்து ஏழு பேரும் அவளைச் சுற்றி மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று ஆண்களும் நெருங்கி வந்தார்கள். அகோஃபா கோணி ஊசியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "ஊசியத் தலைகீழாப் பிடிச்சிருந்தேன். பொய் சொல்லக் கூடாது. அந்த அவசரத்துல என் தொடையிலேயே குத்திக்கிட்டிருப்பேன்" என்று இப்போது சிரிக்கிறாள். அப்போது சிரிக்கவில்லை. வீட்டில் மகள் இன்னும் அழுதுகொண்டிருப்பாளா என்ற நினைப்புதான் ஓடியதாம்.

மான்சா தலைத்துணியை அவிழ்த்துத் தரையில் போட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கரையில் அந்தப் பாட்டைக் கேட்டால் சோற்றில் கை வைத்தவனும் எழுந்து வருவான். தோப்புக்கு அப்பால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் இருபது முப்பது பேர், கயிற்றைப் போட்டுவிட்டு ஈரக் காலோடு வந்து நின்றார்கள். வலையின் தலைவர், நரைத்த தாடிக்காரர், கேட்டார்:

"யாரு செத்தது?"

"இன்னும் யாரும் சாகலண்ணே. அதுக்குத்தான் முன்னாடியே அழுறோம்" என்றாள் மான்சா.

அவர் பெட்டியின் மேல் இருந்த பெண்ணைப் பார்த்தார். மூன்று ஆண்களைப் பார்த்தார். "வண்டிக்கு என்ன கேடு?"

"இன்ஜின் சூடாயிருச்சு" என்றான் டிரைவர்.

அவர் போய் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். நிதானமாக எடுத்தார். "எம் பொண்டாட்டி வெக்கிற கஞ்சி இதவிடச் சூடா இருக்கும். எடுறா வண்டிய."

அவர் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் பின்னால் ஏறினார்கள். கூட்டாளிகள் இருவருக்கும் வண்டியில் இடமில்லாமல் போய்விட்டது. சாவியைத் திருப்பிய முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஏழு பேரும் யைராவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அன்றிரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்து, காலை முதல் வண்டியில் ஊர் திரும்பினார்கள். டோட்சே இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "மீன்காரங்க வந்திருக்கலன்னா?" என்று கேட்டான். அந்த டிரைவரை அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் யாரும் பார்க்கவில்லை. "அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமப் போச்சு பாரு, அதுதான் அன்னிக்கு எங்க கெலிப்பு" என்பாள். யைரா கேட்டாவில் நான்கு வருடம் இருந்தாள். அகோஃபாவின் கடைசிப் பிள்ளைக்குப் பிரசவம் பார்த்ததும் அவள்தான்.

அந்த வியாழக்கிழமை காலை, ஊர் திரும்பும் வண்டியிலேயே, ஏழு பேரும் ஒரு முடிவு கட்டினார்கள்: கடைசிப் பெண் இறங்கும் வரை நம்மில் ஒருத்தியாவது வண்டியில் இருக்க வேண்டும். முறை போட்டார்கள். ஆனால் முறை போட்டதை யாரும் மதிக்கவில்லை. இருவர் போக வேண்டிய இடத்துக்கு ஐந்து பேர் போனார்கள். யாரோ ஒரு டீச்சரம்மாவைக் கேட்டாவில் இறக்கிவிட்டு, கடற்கரையில் பொரித்த மீன் வாங்கித் தின்று, எவன் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு பாட்டும் கும்மாளமுமாகத் திரும்புவார்கள். புருஷன்மார் முணுமுணுத்தார்கள். இவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "துணைக்குப் போறோம்னு பேரு. உண்மையச் சொன்னா, திருட்டுத்தனமா ஊர் சுத்தினோம்" என்று சொல்லும்போது அகோஃபாவின் முகத்தில் முப்பது வயது வந்து உட்கார்ந்துவிடும்.

ஏழு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருத்திக்குக் கண் தெரியவில்லை. இரண்டு பேர் மகன்களோடு அக்ராவிலேயே தங்கிவிட்டார்கள். மான்சா எல்லை தாண்டி லோமேயில் மகள் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் மடங்குவதில்லை. புதன்கிழமை வண்டியில் இப்போது வெங்காயக்காரி என்று இருப்பது அகோஃபா ஒருத்திதான்.

இப்போதைய பெண்கள் ஏறும் முன்பே நம்பர் பலகையைப் போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பிவிடுகிறார்கள். அகோஃபாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. "எனக்கும் ஒண்ணு அனுப்பிவிடு கண்ணு" என்று தன் நம்பரைச் சொல்வாள். படத்தைத் திறந்து பார்க்க அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் 'வந்துட்டேன்' என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்வாள். எண்களைத் தாண்டி அவளுக்குப் படிக்கத் தெரியாது. செய்தி வரும்போது கேட்கிற 'டிங்' சத்தத்தைத்தான் அவள் எண்ணுவாள். மூன்று பெண்கள் என்றால் மூன்று டிங். மூன்றாவதும் கேட்ட பிறகுதான் சோளக் களியைப் பிசைந்து வாயில் வைப்பாள்.

"அப்போ பயம் ஜாஸ்தி இல்லையாம்மா?" என்று இன்று காலை பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண் கேட்டாள்.

"ஜாஸ்திதான். ஆனா பயப்படுறதுக்கு ஏழு பேரு இருந்தோம்" என்றாள் அகோஃபா.

வண்டி சொகாகோப்பே பாலத்தை நெருங்கி வேகம் குறைந்தது. தலையில் தட்டோடு பெண்கள் நாலா பக்கமும் ஓடிவந்து ஜன்னல்களை மொய்த்தார்கள். "ரொட்டி! சுடச்சுட ரொட்டி!" "இறால் வேணுமாக்கா, இறால்!" அகோஃபா போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். லோமேயிலிருந்து மான்சாவின் கனத்த, தூக்கம் கலையாத குரல் கேட்டது: "என்னடி, எங்க இருக்க?"

"நீயே கேளு" என்றாள் அகோஃபா. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, போனைப் பிடித்த கையை முழங்கை வரை வெளியே நீட்டினாள். வாங்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஒரு ரொட்டிக்காரி கூவிக்கொண்டே கூட ஓடிவந்தாள். அகோஃபா வேண்டாமென்று தலையசைத்தாள். கையை மட்டும் உள்ளே இழுக்காமல், போனை ரொட்டிக்காரியின் வாயருகே இன்னும் கொஞ்சம் கொண்டுபோனாள்.