கடதாசிக் கயிற்றுக் கதிரை

எங்கள் பக்கத்தில் மணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் ஒரு தகரப் பெட்டியோடு கல்முனைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன். வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, முற்றத்து மாமரம்கூட அவளுடைய உம்மா வைத்தது. எனக்கென்று அந்த வீட்டில் நான் சேர்த்தது கதிரைகள் மட்டும்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிற வேலை எனக்கு. குளம் கட்ட வந்த வெளிநாட்டு எஞ்சினியர்மார் விட்டுப்போன தளபாடங்கள் பழைய பங்களாக்களில் ஒழுக்குக்குக் கீழே கிடந்து உக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான். பின்காலும் சாய்வும் ஒரே மரத்தில் வளைந்து ஏறும், ஓர் ஆணி தெரியாது. யாரோ ஒருவன் மனிதனுடைய முதுகை யோசித்து யோசித்துக் கோடு போட்டிருக்கிறான். அதை விறகோடு சேர்த்து ஏலம் கூறுகிறார்கள் என்றால் கோபம் வராதா? எனக்கு வந்தது. ஒவ்வொன்றாக ஏலத்தில் எடுத்தேன். பொத்துவிலில் விடுதி நடத்திய வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் இருந்தும் இரண்டு வாங்கினேன்.

"இரிக்கிறது ரெண்டு பேர். கதிர மட்டும் கலியாண ஊட்டுக்குக் காணும்" என்பாள் அவள். எங்களுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். ஒருவன் மருதமுனையில் மனைவி வீட்டில், மற்றவன் கத்தாரில். அதனால் அவள் சொன்னது சரிதான்.

டென்மார்க்கில் செய்த கதிரை ஒன்று பங்களாவொன்றின் குசினிக்குப் பின்னால் கிடைத்தது. தேக்கு மரம். இருக்கை, கடதாசியை முறுக்கித் திரித்த கயிற்றால் பின்னியது. அதைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "கடதாசில ஆராச்சும் இரிப்பாங்களா?" என்று கேட்டவள்தான் அதை ஜன்னலடிக்கு இழுத்துப்போட்டுத் தனக்கு ஆக்கிக்கொண்டாள். அரிசி புடைக்கவும் கீரை ஆயவும் கத்தாருக்குக் கதைக்கவும் அதுதான். ஒரு காலை மடித்துப் போட்டு இருப்பாள். வருடக்கணக்கில் அப்படி இருந்து இருந்து கயிறு நடுவில் தொய்ந்து, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. திரும்பப் பின்னித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கு இது சரியா இரிக்கி. தொடாதீங்க" என்றாள்.

அவள் கண்ணை மூடி மௌத்தான அன்று தெரு ஆட்கள் வந்து கூடத்தைக் காலி பண்ணினார்கள். மௌத்து வீட்டில் அதை யாரும் யாரிடமும் கேட்டுச் செய்வதில்லை. என்னுடைய கதிரைகள் எல்லாம் முற்றத்துக்குப் போயின. பள்ளிவாசலில் இருந்து கூடாரமும் பிளாஸ்டிக் கதிரைகளும் வந்தன. அவளுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்த பிறகு எல்லாவற்றையும் அவர்களே பழையபடி அடுக்கிவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் ஜன்னலடி வெறுமையாகக் கிடந்தது.

அவளுடைய உடுப்புகளை அதற்குள் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அது முறை, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய உடம்பு இந்த உலகத்தில் பதிந்து கிடந்த இடமென்று மிஞ்சியது அந்தக் கயிற்றுப் பள்ளம்தான். அது எனக்கு வேண்டும். உள்ளங்கையை வைத்துப் பார்க்கவாவது வேண்டும்.

தேடினேன். பழைய இரும்புக்காரனோடு வாய்ச்சண்டை போட்டேன். அவளுடைய தங்கச்சி எடுத்துப் போயிருப்பாளோ என்று நினைத்து அவள் வாசலில் போய் நின்று கத்தினேன். அவள் கோபிக்கவில்லை.

"மச்சான், நீங்க தேடுறது என்ட ராத்தாவ. கதிரயச் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அவளோடு பேச்சை விட்டேன். உண்மையைச் சொல்கிறவர்களை எனக்கு அப்போது பிடிக்கவில்லை. எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கும் போகாமல் விட்டேன். அங்கே போனால் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துப் பொறுமை சொல்லி "ஸபூர் செய்ங்க" என்பார்கள். கடற்கரைப் பக்கம் என்னை யாருக்கும் தெரியாத பள்ளியில் தொழுதுவிட்டு வந்து, அத்தனை கதிரைகளுக்கும் நடுவில் நான் பாயில் படுத்துக் கிடப்பேன். வீட்டில் குரல் என்று இருந்தது மின்விசிறியின் சத்தம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை பேய்மழையாகக் கொட்டியது. கடற்கரை வரை போக முடியாமல் தெருப் பள்ளிக்குள் நுழைந்தேன். முன் வரிசையின் ஓரத்தில், முழங்கால் மடிக்க முடியாத பெரியவர்கள் கதிரையில் இருந்து தொழுகிற இடம். பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவே அந்தத் தேக்குச் சாய்வு தெரிந்தது. அன்றைய குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தொழுகை முடிந்ததும் பாங்கு சொல்கிற மோதினாரைப் பிடித்தேன். வாயில் வந்ததை எல்லாம் சொல்லத் தயாராகத்தான் போனேன். "இது எங்கட ஊட்டுக் கதிர" என்று தொடங்கினேன்.

"மௌத்துக் கதிரைகளோட சேந்து வந்திச்சி, காக்கா. பள்ளிட கதிர எண்டுதான் நாங்களும் நெனச்ச" என்றார் அவர். பிறகு சந்தோஷமாக, "கயிறு தொஞ்சு போய்க் கிடந்திச்சி. பெரியவர் எழும்ப ஏலாமக் கஷ்டப்பட்டாரு. அதான் வெட்டி எடுத்திட்டுப் பலகை போட்டு ரெக்சீன் அடிச்சம்" என்றார்.

"கயிறு எங்க?"

"அது அப்பவே குப்ப டிரக்டருக்குப் போட்டாச்சி."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். கதிரையில் இருந்த பெரியவருக்குக் காது மந்தம். நாங்கள் கதைத்தது பாதிதான் விளங்கியிருக்கும். அவர் கைத்தடியை ஊன்றி எழும்பி, கதிரையை எனக்குக் காட்டினார்.

"இரிங்க மகன்."

இருந்தேன். கறுப்பு ரெக்சீன், சமதளமான பலகை. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். அங்கே அவள் இல்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அழுதேன்.

"ஆர்ட கதிர இது?" என்று பெரியவர் மோதினாரிடம் கேட்டார். மோதினார் அவர் காதுக்குள் சொன்னார்.

"கொண்டு போங்க மகன். எனக்குப் பிளாஸ்டிக் காணும்."

"இல்ல, நீங்க இரிங்க" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அதைக் கொண்டுபோய் ஜன்னலடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அவர் கதிரையின் கையைப் பிடித்தபடி மெல்ல இருந்தார். "அப்ப ஒவ்வொரு தொழுகைக்கும் உங்கட ஊட்டுக்காரிக்கு துஆக் கேக்கிறன். பேர் என்ன?"

அவளை நான் "புள்ள" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஊருக்கு அவள் பிள்ளைகளின் உம்மா. மௌத்தான நாளில் இருந்து எல்லோருக்கும் அவள் ஜனாஸா, மையித்து, மர்ஹூமா. யாரும் பேரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னேன். எனக்கே கேட்டிருக்காது.

பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "கேக்கல்ல மகன். பலத்துச் சொல்லுங்க."

பள்ளி முழுவதும் திரும்பிப் பார்க்க, அவளுடைய பேரை நான் பலத்துச் சொன்னேன்.