ஐந்நூறாவது தலை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. ஆரோக்கியதாஸ் வாத்தியாருக்கு நடந்தது. வெற்றிலைகூடப் போடாத மனிதர். அதுவும் ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில்.

ஊத்துக்களம், வடமதுரையிலிருந்து ஐந்து மைல் உள்ளே கிடந்த ஊர். மாட்டுவண்டித் தடம் ஒன்றுதான் வழி. முந்தின வருஷம் வாத்தியாரின் மனைவி செபாஸ்தியம்மாளுக்கு அந்தத் தடத்தில், வண்டியிலேயே பிரசவமாகிப் பிள்ளை போய்விட்டது. இப்போது மறுபடியும் ஏழு மாசம். பஸ் கேட்டு ஊரார் மனுப் போட்டால், "ஐந்நூறு தலை இருக்கிறதா? அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார் ஓர் அதிகாரி. 1961 ஜனத்தொகைக் கணக்கு வந்தது. எடுக்கும் வேலை வாத்தியார் தலையிலேயே விழுந்தது.

பிப்ரவரி 27. தொண்ணூற்றேழு வீடும் முடிந்தது. 493 பேர். ஏழு தலை குறைச்சல். வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓடை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு ஐந்து. அக்கரையில் ஒரு கூரை வீடு தெரிந்தது. வாசலுக்குக் கல் நிலை. மற்ற வீடுகளுக்கெல்லாம் காவியில் இலக்கம் போட்டிருந்தார்கள், இதற்கு இல்லை. விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகப் போனார்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். உள்ளே திருகை சுற்றும் சத்தம். கர்ர்... கர்ர்...

"வீட்டுக்காரரு பேரு என்ன, தாயி?"

பத்து நாளாக இந்தக் கேள்விக்கு ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. புருஷன் பேரைச் சொல்வதாவது! பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத்தான் சொல்ல வைப்பார்கள்.

இவள் பட்டென்று சொன்னாள்.

"ஒச்சப்பன்."

வாத்தியாருக்கு என்னவோபோல் இருந்தது. ஆறு பேரைச் சொன்னாள். எழுதினார். 499.

"அம்புட்டுத்தானா?"

"ஒண்ணு வரணும். பொம்பளப்புள்ள. அதையும் சேத்து எழுதிக்கங்க."

பிறக்காததை எழுதக் கூடாது. பேனா நின்றது.

திருகையும் நின்றது.

"எழுதுங்கய்யா... பஸ்சு வரட்டும்."

எழுதிவிட்டார். குழந்தை. பெண். வயது சைபர். ஐந்நூறு. நிலையில் சுண்ணாம்புக்கட்டியால் 98 என்று போட்டார். அப்படியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

திருகை இல்லை. ஆள் இல்லை.

திரும்பினார்...

அவளும் இல்லை.

மார்ச் 2, எடுத்த கணக்கைச் சரிபார்க்க மறுபார்வைக்குப் போக வேண்டிய நாள். துணிந்து அக்கரைக்கும் போனார். எருக்கஞ்செடி மண்டிக் கிடந்தது. நடுவே கல் நிலை மட்டும் நின்றது. அதில் 98. அவர் கையெழுத்துதான்.

அந்த வீட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிடப் பேனாவைத் திறந்தார். அடித்தால் மறுபடியும் 493. பஸ் போச்சு. இந்தப் பிள்ளையும் வண்டியிலேயே...

பேனாவை மூடினார். "எம்புள்ளைக்காகத்தான்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

ஐந்நூறு என்றதும் தடத்தைச் சமப்படுத்தினார்கள். சித்திரையில் பஸ் வந்தது. வலி கண்டதும் செபாஸ்தியம்மாளை அதில்தான் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நேரத்துக்குத்தான் போனார்கள். தாய் பிழைத்தாள். பிறந்தது பெண். அழவேயில்லை.

துக்கம் கேட்க வந்தார் கிராம முன்சீப் சடையாண்டி. ஊரில் பிறப்பு இறப்பு எழுதுகிறவர். வாத்தியார் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

முன்சீப்புக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஒச்சப்பன் வீடா? பதினெட்டு வருசமாச்சு வாத்தியாரே. வாந்திபேதியில ஆறு பேரும் போயிட்டாக. நாந்தான் எழுதுனேன். அவன் பொண்டாட்டிதான் கடைசி. நெறமாசம். 'வகுத்துல ஒண்ணு கெடக்கு, அதையும் சேத்து எழுதிக்கங்க'ன்னு கும்பிட்டா..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொறக்காதத எப்படி எழுத? நான் எழுதல. நீங்க எழுதிட்டீக."