அத்தை வாசலில் சொன்ன பதில்

டாக்டருக்குப் படிக்க சோவியத் நாட்டுக்குப் போன மாமா, படிப்பு முடிந்து திரும்பும்போது ஓர் அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். மர்பி டவுனில் எங்கள் வீட்டிலேயே இருவரும் தங்கினார்கள். அத்தைக்குச் செம்பட்டை முடி, சாம்பல் நிறக் கண்கள். தெருவில் எல்லோரும் அவரை ரஷ்யாக்காரி என்றார்கள். அவர் ரஷ்யாக்காரி இல்லை என்பது தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பெருமை எனக்கு இருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது.

ஒரு மழை நாளில் அத்தை கம்பளியைத் தரையில் விரித்து, நடுவில் மடிப்பு மடிப்பாக நீளமாக மேடு கட்டினார். அதுதான் காக்கசஸ் மலை. மேற்கே வைத்த தாம்பாளம் கருங்கடல், கிழக்கே வைத்த குண்டான் காஸ்பியன் கடல். மலைக்கு அந்தப் பக்கம் ஐரோப்பா, இந்தப் பக்கம் ஆசியா. அப்புறம் அடுக்களையிலிருந்து பருப்பு டப்பாக்களை எடுத்து வந்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தானியத்தைப் போட்டார். ஜார்ஜியருக்குக் கொண்டைக்கடலை, ஆர்மீனியருக்கு மொச்சை, அஜர்பைஜானியருக்குத் துவரை, ஒசேத்தியருக்குப் பச்சைப்பயறு. செச்சேனியருக்கும் அவார் இனத்தவருக்கும் வந்தபோது டப்பாக்கள் தீர்ந்து, மிளகும் கடுகும் இறங்கின. ஒரு மடிப்பில் பேசுவது அடுத்த மடிப்பில் புரியாதாம். அத்தை எதில் சேர்த்தி என்று கேட்டேன். பச்சைப்பயறு ஒன்று, கொண்டைக்கடலை ஒன்று எடுத்து உள்ளங்கையில் வைத்து, "அப்பா, அம்மா" என்றார். அந்த இரண்டு மடிப்புக்கும் இடையில் சண்டை மூண்டதால்தான் அவர்கள் கிளம்பி வந்தார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். கலந்துபோன பருப்பைப் பிரித்தெடுக்க அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

அந்த டிசம்பரில்தான் காவிரித் தண்ணீரைத் தமிழ்நாட்டுக்கு விடக் கூடாதென்று எங்கள் கன்னட ஊர் பற்றிக்கொண்டது. பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா நாற்காலிமேல் ஏறித் தமிழ்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய தமிழ்ப் பேப்பர்களெல்லாம் மெத்தைக்கு அடியில் போயின. கதவில் ஒட்டியிருந்த முருகன் படத்தின் கீழே நாலு தமிழ் எழுத்து இருந்தது. அதை அம்மா கரண்டிக் காம்பால் சுரண்டினார். அப்பா பீன்யா தொழிற்சாலையில், மாமா ஆஸ்பத்திரியில். பஸ் ஓடவில்லை.

அம்மா என் தோளைப் பிடித்து, "வாயத் தொறக்காத. என்னை அம்மான்னுகூடக் கூப்பிடாத" என்றார். கன்னடத்திலும் அது அம்மாதான் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் தலையாட்டினேன்.

அத்தைக்கு அம்மா நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னார். தண்ணீர், தமிழ், கன்னடம் என்ற மூன்று சொற்கள் போதுமாயிருந்தன. அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்:

"கேப்பாங்களா? என்ன மொழின்னு?"

அம்மா ஆமாம் என்றார். அத்தையின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அவர் ஓடிப்போய் என் பள்ளி ஷூவைக் கொண்டுவந்து மண்டியிட்டு மாட்டினார். லேஸை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டார். அம்மாவின் செருப்பைக் காலால் தள்ளிவிட்டு, "இது வேணாம். ஓட முடியாது" என்றார். யார் ஓடப்போகிறார்கள், எங்கே ஓடுவது என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "பாப்பாவ இங்க குடு, என் பசங்களோட இருக்கட்டும்" என்றார். அம்மா என்னைத் தூக்குவதற்குள் தெருமுனையில் கூச்சல் கேட்டது. ஆன்ட்டியின் தலை மறைந்தது. அம்மா என்னைக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளித் தானும் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் கண்ணாடி நொறுங்கியது. ரப்பர் எரிகிற நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. எரிந்தது எதிர்வீட்டார் ஸ்கூட்டர் என்று பிறகு தெரிந்தது. அடுத்து எங்கள் கதவைக் கம்பால் தட்டினார்கள்.

"இது யார மனே? தமிழரா?"

யார் வீடு, தமிழர்களா என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் வாயைத் திறந்தால் பேச்சில் பிறந்த ஊர் திருவண்ணாமலை வந்துவிடும். அவர் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அத்தை எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அவர் கத்தவில்லை. தாழ்ந்த குரலில், நிறுத்தாமல், தொண்டைக்குள்ளிருந்து வருகிற மொழியில் ஏதோ பேசினார். வெளியே சத்தம் அடங்கியது. யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஃபாரின் மனே, நடீரி" என்று ஒரு குரல் கேட்டது; வெளிநாட்டுக்காரர் வீடு, நடங்க என்கிறான். செருப்புச் சத்தங்கள் விலகின. அத்தை கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தார். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

ஊர் அடங்கிப் பள்ளி திறந்ததும் எங்களுக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பையன் கம்போடு வந்து யார் வீடு என்று கேட்பான். நான் இடுப்பில் கைவைத்து, நாக்கைச் சுழற்றி, வாய்க்கு வந்த உளறலையெல்லாம் கொட்டுவேன். அவன் பயந்து ஓட வேண்டும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் நான்தான் நான்தான் என்று அத்தையாக வரப் போட்டிபோட்டார்கள். காய்கறிப் பையோடு வந்த அத்தை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். நான் இன்னும் உற்சாகமாக உளறினேன். அவர் பையனின் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அவரைப் பெருமைப்படுத்தத்தானே விளையாடினோம் என்று நான் அம்மாவிடம் அழுதேன். அம்மா இனிமேல் அப்படி விளையாடக் கூடாது என்றார்.

நான் கல்லூரி முடித்த பிறகுதான் மாமா சொன்னார். அத்தையின் ஊரிலும் ஒரு மாலையில் கதவைத் தட்டி அதையே கேட்டிருக்கிறார்கள். திறந்தவர் அவருடைய அப்பா. பயத்திலோ பழக்கத்திலோ, அவர் தன் மொழியிலேயே பதில் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் அடுத்த மடிப்பைச் சேர்ந்தவர்கள். அப்பா வீட்டுக்குள் திரும்பி வரவே இல்லை. அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

எங்கள் வாசலில் அத்தை பேசியதும் அந்த மொழிதான். எனக்கு அது வேடிக்கையான சத்தமாகத்தான் கேட்டிருந்தது.