வெற்றிலை வாங்கப் போன சம்பந்தி

மந்திரிகளைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது மந்திரி வீட்டு வாசலில் நின்றவரைப் பற்றி.

அவர் பெயர் குலாம் முகம்மது. மயிலாப்பூர் கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். கோட்டையில் டபேதார் உத்தியோகம். எந்த மந்திரிக்கு ஒதுக்குகிறார்களோ அந்த மந்திரியின் வாசலில் நிற்க வேண்டும், வந்தவர் பெயரை உள்ளே போய்ச் சொல்ல வேண்டும், மோட்டார்க் கதவைத் திறந்துவிட வேண்டும். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை, பட்டையின் நடுவில் பித்தளை வில்லை. அந்தப் பட்டையைத்தான் டவாலி என்பார்கள். அவர் மனைவி ஜைதூன் பீ தினமும் காலையில் வில்லையைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள்.

"உங்க மூஞ்சிய எவன் பாக்குறான்? இதத்தான் பாக்குறான்" என்பாளாம்.

அந்தச் சமயம் அவர் நின்ற வாசலுக்கு நான் எதிர்வீட்டுக்காரன். லஸ் பக்கம் எங்கள் தெருவில் இருந்த ஒரே மந்திரி வேதாசல முதலியார். மூன்று தலைமுறையாக முட்டைகூட வாசலைத் தாண்டாத சைவக் குடும்பம். அவருக்குக் கிடைத்ததோ மீன்பிடி இலாகா. 'மீன் மந்திரி' என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்போம். நல்ல மனுஷர்தான். ஆனால் தம்மைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் தம்மிடம் பிரியமாக இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை மந்திரிக்கு ஆகாது.

அந்த வருஷம் மந்திரி சபையைக் கலைத்துப் புதிதாக அமைக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. முதல் மந்திரிக்கும் கட்சிக்காரர்களுக்கும் மனஸ்தாபம். வெள்ளிக்கிழமை கவர்னர் மாளிகையில் பதவிப் பிரமாணம். முதலியாருக்கு இந்தத் தடவை ஸ்தல ஸ்தாபன இலாகா நிச்சயம் என்று அவரே நம்பினார். அவர் நம்பியதால் நாங்களும் நம்பினோம். தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, முனிசிபாலிடி எல்லாம் அந்த இலாகாவின் கைக்குள். கடல் மீனைவிடக் கொழுத்த சமாசாரம்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, ராகு காலம் கழிந்ததும், முதலியார் மகள் நீலாயதாட்சிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காஞ்சிபுரத்து மிராசுதார் சபாபதி முதலியார் குடும்பம். நீலாவுக்கு இது இரண்டாவது வரன். முதல் வரன் போன வருஷம், மந்திரி பதவி லேசாக ஆட்டம் கண்ட சமயத்தில், 'ஜாதகத்தை மறுபடியும் பார்த்தோம்' என்று சொல்லி நழுவிப் போயிற்று. பதவி பிழைத்தது, வரன் பிழைக்கவில்லை. பெண்ணிடம் ஏதோ குறை என்று எங்கள் தெருவே வாய் கூசாமல் பேசியது. இதுவும் தட்டிப் போனால் அந்தப் பெண்ணுக்கு இனி யார் வருவார்கள் என்பதுதான் அந்த வீட்டில் எல்லார் மனத்திலும் இருந்த ஒரே பயம்.

அன்று காலையில் வாசலில் கூட்டம். மந்திரியைப் பார்க்க வருகிறவர்கள் எலுமிச்சம்பழத்தோடு வருவது வழக்கம். குலாம் முகம்மது ஏந்திய தாம்பாளம் நிரம்பி, உள்ளே கொட்டிவிட்டு வந்து, மறுபடி நிரம்பியது. உச்சி வெயிலுக்குப் பிறகு ஒரு ஈ, காக்கை வரவில்லை. முதலியார் டெலிபோன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை.

அப்போதுதான் முருகையன் சைக்கிளில் வந்தான். அவனும் கோட்டையில் டபேதார். பெரிய வாசலுக்கு வராமல், பக்கத்துச் சந்தில் நின்று கையைக் காட்டினான்.

"பாய், டவாலியக் கழட்டிக் குடுக்கச் சொன்னாங்க. சாயங்காலத்துக்குள்ள ஆபீசுக்குப் போய்ச் சேரணும்."

"யார் யாரோடது?"

"உங்களுது மட்டுந்தான் பாய்."

கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. நீடிக்கிற மந்திரியின் டபேதார் பட்டையோடு அப்படியே இருப்பான். போகிற மந்திரியின் டபேதாரிடமிருந்து பட்டையைப் பிரமாணத்துக்கு முந்தின நாளே வாங்கிப் பூட்டிவிடுவார்கள், புது மந்திரிக்குத் தயாராக. அதனால் எந்த மந்திரிக்கும் பதவி போவது முதலில் தெரிவது அவன் சேவகனுக்குத்தான். முருகையன் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஐயாவுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார் குலாம் முகம்மது.

"அத்தெல்லாம் பெரியவங்க சமாச்சாரம். எனுக்கு இன்னா தெரியும்? சொல்றதுக்கு வாய் வராம ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிகினு கீறாங்க போல."

"முருகையா, இன்னிக்கி இங்க தாம்பூலம் மாத்துறாங்க. அது முடியட்டும். நானே எடுத்துக்கினு வந்துடறேன்."

"ஆபீசுல சூபரிண்டெண்டு காத்துகினு கீறாரு பாய். பட்டை வந்து சேரலைன்னா வேலைய விட்டு எடுத்துடுவேன்னு குதிக்கறாரு."

"எடுத்தா எடுக்கட்டும். நீ கோடியில சோடாக் கடையில குந்து. நான் வரேன்."

வேறொருவராக இருந்தால் உடனே கழற்றிக் கொடுத்திருப்பார். வேலை போனால் ஜைதூன் பீயிடம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் பட்டை இல்லாத டபேதாரை வாசலில் பார்த்தால் அந்தச் சபாபதி முதலியாருக்கு எல்லாம் விளங்கிவிடும் என்பது தெரியும். அவர் பெண் கேட்டு முதல் தடவை வந்தபோது, பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட வில்லையைப் பார்த்த நேரம்தான் அதிகம். தாம்பூலம் கை மாறிவிட்டால் பிறகு பின்வாங்குவது கௌரவக் குறைச்சல். அதுவரை எப்படியாவது நிற்க வேண்டும். மார்பின்மேல் அந்த வில்லை சுடுவதுபோல் இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

உள்ளே பட்டுப்பாய் விரித்தாயிற்று. தவசிப்பிள்ளை பாயசத்தை இறக்கிவிட்டான். முதலியார் இரண்டு தடவை வெளியே வந்து தெருவைப் பார்த்தார். இரண்டாம் தடவை, "டெலிபோன் ஒயர் அறுந்திருக்குமோ, குலாம்?" என்று கேட்டார்.

"இருக்கும்ங்க" என்றார் இவர்.

அவர் உள்ளே போனதும் நீலா பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தாள். தலை நிறையப் பூ, அரக்குப் புடவை. முகத்தில் மட்டும் நிச்சயதார்த்தக் களை இல்லை.

"குலாம் பாய், சந்துல நின்ன ஆள் எதுக்கு வந்தான்?"

"சும்மாதாம்மா. நம்ம முருகையன். இப்பிடிப் போறப்போ..."

"சும்மா வந்தவன் எதுக்கு உங்க பட்டையைக் காட்டிப் பேசினான்?"

மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். பொய் சொல்லிப் பழகாத மனுஷர் அதற்குமேல் தாக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கெஞ்சுகிற குரலில் தொடர்ந்தார்.

"நீ உள்ள போம்மா. ஐயாவுக்கும் தெரிய வேணாம், அவங்களுக்கும் தெரிய வேணாம். தாம்பூலம் மாத்துற வரைக்கும் நான் இப்பிடியே நிக்கிறேன். அப்பறம் ஆவறது என்னோட போவட்டும்."

தெருக்கோடியில் ஏதோ மோட்டார்ச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வண்டி.

"கழட்டிடுங்க" என்றாள்.

"அம்மா, வேணாம். போன வருசம் நீ பட்டதெல்லாம் நான் பாத்துகினுதானே இருந்தேன்."

"நீங்க ஒரு மணி நேரம் மறைச்சு நிப்பீங்க. நான் அந்த வீட்டுல ஆயுசுக்கும் இருக்கணும், பாய். நாளைக்குக் காலைல பேப்பர்ல வரும். ஏமாத்திக் கட்டிக்கிட்டவள்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. இஷ்டம் இருந்தா பட்டை இல்லாத வாசல்லயும் ஏறி வரட்டும். இல்லைன்னா இப்பவே தெரிஞ்சு போகட்டும்."

"வராம போய்ட்டா?"

அவள் கண் கலங்கியது. பயந்துதான் இருந்தாள், பயமில்லாமல் பேசியதாக நான் கதை கட்டமாட்டேன். "கழட்டுங்க பாய்" என்று மட்டும் மறுபடி சொன்னாள்.

குலாம் முகம்மது பட்டையைத் தலைக்கு மேலாகக் கழற்றி, மடித்து, சோடாக் கடைக்குப் போய் முருகையனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வெறும் வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றபோது சட்டையே போடாமல் நிற்பதுபோல் உடம்பு கூசிற்றாம்.

சபாபதி முதலியாரின் மோட்டார் வந்து நின்றது. இவர் போய்க் கதவைத் திறந்தார். பின்சீட்டில் அவர் மனைவி, மடியில் புடவையும் பழமும் வைத்த தட்டு. மிராசுதார் ஒரு காலைக் கீழே வைத்தார். பார்வை பழக்கப்படி குலாமின் மார்புக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"என்ன டபேதார், பட்டை எங்க?"

"கோட்டைக்குப் போயிடுச்சுங்க."

"எப்போ?"

"இப்பத்தாங்க."

கீழே வைத்த கால் மெதுவாக மேலே போயிற்று. அந்த அம்மாள், "இறங்கலையா?" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தார். "தட்டுல வெத்தலை குறைச்சலா இருக்கு. வாங்கிக்கிட்டு வந்துடறோம்னு உள்ள சொல்லு" என்றார். மோட்டார் திரும்பியது.

வெற்றிலையாம். உள்ளே கூடத்தில் கவுளி கவுளியாக வெற்றிலை கிடந்தது. நான் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று இதைப் பார்த்தேன். அந்த மோட்டார் மேல் எதையாவது எடுத்து எறியலாம் என்று வந்தது எனக்கு.

சத்தம் கேட்டு முதலியார் வெளியே வந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டே, "சம்பந்தி வந்தாச்சா?" என்றார்.

"வந்தாங்க ஐயா. வெத்தலை வாங்கப் போயிருக்காங்க."

முதலியார் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண் குலாமின் மார்பில் விழுந்தது. கோட்டை சொல்லாததை, டெலிபோன் சொல்லாததை, அந்த வெறும் கோட்டு சொல்லிவிட்டது. ஆள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் கழட்டச் சொன்னது?"

"கோட்டையிலங்க" என்றார் குலாம் முகம்மது. பாதி நிஜம்.

"நான் சொன்னேம்பா" என்று கதவோரத்திலிருந்து நீலாவின் குரல் வந்தது.

அறை விழும் என்றுதான் நினைத்தேன். முதலியார் அவளை நிமிர்ந்து பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "வெத்தலையா வாங்கப் போனான்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் பக்கத்துப் படியைக் கையால் தட்டி, "உக்காரு குலாம். இனிமே என் எதிர்ல உக்காரலாம்" என்றார்.

"பழக்கமில்லீங்க" என்றார் இவர். நின்றுகொண்டே இருந்தார்.

வெற்றிலை வாங்கப் போனவர்கள் வரவில்லை. பாயசத்தைத் தெருவுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது, எனக்கு இறங்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் புது மந்திரிகளின் பெயர்கள் வந்தன.

குலாம் முகம்மதுவை யாரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. அதே பட்டையை அதே வில்லையோடு கொடுத்து, மாம்பலத்துப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் ஒரு புது மந்திரி வீட்டு வாசலுக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்பு வாசனை போகாத பங்களா. அந்த மந்திரிக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே வாசலில் எலுமிச்சம்பழக் கூட்டம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மோட்டார் வந்து நின்றது. குலாம் முகம்மது கதவைத் திறந்தார். சபாபதி முதலியார் இறங்கினார், இந்தத் தடவை இரண்டு காலையும் வைத்து. அந்த அம்மாள் வரவில்லை. கையில் வெள்ளித் தட்டு, அதில் பழம், பூ, மஞ்சள். அவர் பார்வை நேராக வில்லைக்குப் போயிற்று. அதைப் போட்டிருந்தவரின் முகத்துக்கு ஏறவே இல்லை.

"ஐயா இருக்காரா? காஞ்சிபுரம் சபாபதி முதலியார் வந்திருக்கார்னு சொல்லு. ஒரு சுப காரியமா வந்திருக்கேன்."

குலாம் முகம்மது தட்டைப் பார்த்தார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"வெத்தலை கெடச்சுதாங்களா?"