பீப்பாய்க்காரன் போட்ட சோளமணி

அடுக்களையில் மனைவி ஜெருஷா சிரிக்கும் சத்தம் கேட்டது. பட்டறையில் பீப்பாய்க்கு வளையம் இறக்கிக்கொண்டிருந்த ஆசகேலின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

பனி விழத் தொடங்கியதிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. கூடவே ஓர் ஆண் குரல். நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். யார் என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஏனோஸ் விட்கம் பாஸ்டனிலிருந்து திரும்பிவிட்டான்.

ஆசகேலுக்கு வயிறு எரிந்தது. இது இன்று மூண்ட நெருப்பல்ல.

எல்ம்ரிட்ஜ் மலையூரில் பிறந்து, பத்தொன்பது வயதில் இங்கிலாந்து ராஜாவின் படையை எதிர்த்துச் சண்டைக்குப் போய், இரண்டு கால்விரல்களைப் பனிக்குப் பறிகொடுத்துத் திரும்பியவன் ஆசகேல். ஜெருஷாவை முதலில் பெண் கேட்டவன் ஏனோஸ். அவள் கைபிடித்தது ஆசகேலை. புது மாப்பிள்ளையை ஊரில் அலையும் பன்றிகளைப் பிடிக்கும் வேலைக்குத் தேர்ந்தெடுத்துக் கேலி செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஆசகேலின் பெயரைச் சொன்னவன் ஏனோஸ்தான். ஊரே சிரித்தது. விஷயம் வீட்டுக்கு வந்தபோது ஜெருஷாவும் சிரித்தாள். ஒரு வருஷம் பன்றிகளுக்குப் பின்னால் நொண்டியபடி ஓடிய ஆசகேலின் நெஞ்சில் அந்தச் சிரிப்பு முள்ளாகத் தங்கிவிட்டது.

பிறகு இந்தக் குளிர்காலம் வந்தது. அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்களுக்கும் மேலே ஒரு புது அரசாங்கம் வரப்போகிறதாம். ஏற்பதா மறுப்பதா என்று பாஸ்டனில் சபை கூடுகிறது, ஊருக்கு ஒருவரை அனுப்புங்கள் என்றார்கள்.

"லண்டன்லேர்ந்து வரி கேட்டவனை விரட்டிட்டு, இங்கேயே ஒருத்தனை நாமளா கூப்பிட்டு உக்கார வைக்கிறதா?" என்று கூட்டத்தில் கேட்டவன் ஆசகேல். ஊர் ஒரே குரலில் வேண்டாம் என்றது. ஆசகேலையே அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. அவன் மனசும் துள்ளியது. ஆனால் வாரக்கணக்கில் ஜெருஷாவை விட்டுப் போவதா? அதுவும் ஏனோஸ் இருக்கும் ஊரில்?

அவன் எழுந்து ஏனோஸின் பெயரைச் சொன்னான். அங்கே ஓட்டு என்றால், வேண்டும் என்பதற்குச் சோளமணி, வேண்டாம் என்பதற்கு அவரை விதை. கூட்டத் தலைவர் நீட்டிய தொப்பியில் முதல் சோளமணியைப் போட்டவனும் அவனே. போய்த் தொலையட்டும் என்று.

போன ஏனோஸ் பாஸ்டனில் ஊர்வார்த்தையை மீறி 'சரி' என்று ஓட்டுப் போட்டுவிட்டான். நாளை ஊர்க்கூட்டம். ஊர்ப்பெரியவர் பதவியிலிருந்து அவனை இறக்கும்படி கேட்கப்போவது ஆசகேல். அவன் சொன்னால் ஊர் கேட்கும்.

சுத்தியலோடு அடுக்களைக்குள் போனான்.

"வா ஆசகேல். உன்னைப் பாக்கத்தான் வந்தேன்" என்றான் அடுப்போரம் உட்கார்ந்திருந்த ஏனோஸ்.

"பட்டறைக்கு வெளிவாசல் இருக்கே. பன்னிக்குக்கூட வழி தெரியும்."

"பூட்ஸ் நிறையப் பனியோட வந்தான். நான்தான் உக்காருன்னேன்" என்றாள் ஜெருஷா.

"என்ன சிரிப்பு?"

"உங்களைப் பத்தித்தான்."

ஏனோஸ் சொன்னான்: "பாஸ்டன்ல ஒரு வக்கீல், உங்க ஊர்க்காரங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்னு கேட்டான். எங்க ஊர்ல ஒரு பீப்பாய்க்காரன் இருக்கான், பொண்டாட்டியையே யாரையும் நம்பி விடமாட்டான், நாட்டை விடுவானான்னேன்."

ஆசகேலின் காது சிவந்தது. "ஊரை வித்துட்டு வந்து கதை சொல்றியா?"

"வேண்டாம்னு சொல்லத்தான் போனேன். புது அரசாங்கச் சட்டத்துல ஜனங்களோட உரிமையையும் எழுதிச் சேக்கச் சொல்லிக் கேக்கறோம்னு சபையில வாக்குக் கொடுத்தாங்க. உதறினா பதின்மூணும் சிதறிடும்னு எனக்குப் பட்டுது."

"உனக்குப் பட்டதைச் சொல்லவா அனுப்பினோம்?"

"அப்போ எனக்குக் கண்ணும் காதும் எதுக்கு? ஒரு அவரை விதையை வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கலாமே."

"நாளைக்கு உனக்கு எதிரா முதல் அவரை விதை என்னோடதுதான்."

களி கிளறிக்கொண்டிருந்த ஜெருஷா கரண்டியை வைத்தாள். "இவனை அனுப்பினது யாரு?"

ஆசகேல் சுத்தியலைக் கைமாற்றிப் பிடித்தான்.

"நீங்க போகவேண்டியது. உங்க வாயால 'வேண்டாம்'னு சொல்லவேண்டியது. கூட்டம் முடிஞ்சு வந்த உங்க மூஞ்சியைப் பாத்ததுமே ஏன் இவன் பேரைச் சொன்னீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எட்டு வருஷம் உங்களோட வாழ்ந்தேன். ஒருநாள்கூட என்னை நம்பலையே." அவள் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

ஏனோஸின் முகம் வெளுத்தது. "பழசை மறந்து என்னை மதிச்சு அனுப்பறேன்னு நினைச்சேன். வழியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுப் போனேனே, ஆசகேல்."

ஆசகேல் சுத்தியலை மேசையில் வைத்தான். எதற்கும் வளையாத ஊரின் வார்த்தையைத் தன் பொறாமைதான் வளைத்துவிட்டதோ? தானே போயிருந்தால் அந்தச் சபையில் ஒரு 'வேண்டாம்' கூடியிருக்கும்.

"நீ போட்ட ஓட்டை எதிர்த்து நாளைக்குப் பேசுவேன்" என்றான் மெல்ல. "அதுல மாத்தமில்லை. ஆனா உன் பதவியைப் பறிக்கச் சொல்லமாட்டேன். ஏன்னு ஊர் கேட்டா, அதையும் நானே சொல்லிக்கறேன்."

ஏனோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கை நீட்டினான். ஆசகேல் அந்தக் கையைப் பற்றவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

வாசலில் ஏனோஸ் ஒருமுறை திரும்பினான். அப்போதும் ஆசகேலின் கண், ஜெருஷா எங்கே பார்க்கிறாள் என்றுதான் போனது. அவள் ஈரக்கண்களோடு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெட்கித் தலைகுனிந்தான்.

பனிக்காற்று ஒருகணம் உள்ளே வீசியது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.